பூஜ்யத்துக்குக் கீழே நின்ற முள்

முள் ஆடி ஆடி முப்பத்தாறில் நின்றது.

"முப்பத்தாறா?" என்றாள் என் மனைவி லூர்து. "செருப்போட ஏறியுமா?"

எடை மெஷின் மேல் நின்றிருந்த எங்கள் மகள் ரெஜினா குனிந்து முள்ளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பது வேணும்னு போட்டிருக்கான். நாலு கிலோவுக்கு எங்க போறது?" லூர்துவின் குரல் இறங்கிவிட்டது.

"கடையில போயி வாங்க வேண்டியதுதான்" என்றார் சிஸ்டர் பிலோமினா. "அடுத்தவங்க ஏறுங்க. கூட்டம் நிக்குது பாருங்க."

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டி இருந்த கோயில் வளாகத்தில், கன்னியர் நடத்திய சின்ன மருந்தகம் அது. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கதவைத் திறப்பார்கள். மெழுகுவர்த்திப் புகையும் டெட்டால் வாசனையும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கும். பாதிப் பேருக்கு நோய் எதுவும் இராது. எடை பார்த்துவிட்டுப் போகவே வருவார்கள். பூசை முடிந்தால் எடை, எடை முடிந்தால் கறிக்கடை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படி.

இந்தத் தொடரில் இதுவரை தொழிற்சாலைச் சங்கைப் பற்றியும் குவார்ட்டர்ஸ் தண்ணீர்ச் சண்டைகளைப் பற்றியும் எழுதினேன். படித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிக்க இடம் உண்டு. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிறு ரெஜினாவின் உண்மையான எடை முப்பத்தெட்டு. காணாமல்போன இரண்டு கிலோவை எடுத்தவன் நான்.

என் வேலை

நான் பௌதிகம் படித்தவன். முதுகலை வரை போனேன். கல்லூரி வாத்தியார் ஆக ஆசைப்பட்டுத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். பட்டறையில் கடைந்து வரும் உதிரி பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. அளக்கும் கருவிகளே சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் தனி வேலை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிறகு தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அளவு பார்க்கும் கருவியைக் கேஜ் என்போம். பட்டறைத் தொழிலாளிக்கு ஒரு கேஜ், எங்கள் மேஜைக்கு ஒரு கேஜ். இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. பட்டறைக் கேஜ் ஒரு மயிரிழை கூடுதல் கறாராக இருக்கும். அங்கே தேறிய பொருள் எங்கள் மேஜையில் வந்து தோற்றுப்போகக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பட்டறையில் திட்டு வாங்கினால் சரிசெய்ய நேரம் இருக்கும். எங்கள் மேஜையில் தோற்றால் பழைய இரும்பு.

வீட்டிலும் நான் பரிசோதகன்தான். சின்ன வயதிலேயே ரெஜினாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: எதை அளந்தாலும் முதலில் காலிக் கருவியைப் பார், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பார், பிறகு அள. மளிகைக் கடைத் தராசைக்கூட அவள் அப்படித்தான் முறைத்துப் பார்ப்பாள். கடைக்காரருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

மருந்தக எடை மெஷினையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். கோயிலுக்கு என்னால் ஆன ஊழியம் என்று நானே கேட்டு வாங்கிய பொறுப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை போய், பின்பக்கம் உள்ள திருகை ஒரு சுற்று, அரைச் சுற்று திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன்.

தண்ணீர் குடிக்காத அம்மா

ரெஜினாவுக்கு நர்ஸ் படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் தெரியாது. லூர்துவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது வந்திருக்கிறது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். நான் பழம் வாங்கிக்கொண்டு போய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

"அம்மா தண்ணியே குடிக்கலப்பா" என்று பிறகு ஒருநாள் சொன்னாள். "டாக்டர் கேக்கல. நீங்களும் கேக்கல. நானும் கேக்கல. ஸ்டெல்லா அக்கா மட்டும்தான் ஏம்மா குடிக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்டாங்க. அடிக்கடி பெட்பேன் கேக்க வெக்கமா இருக்குன்னு அம்மா அவங்ககிட்ட சொன்னாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து கூட இருக்கீங்க, உங்ககிட்ட சொல்லல பாருங்க."

ஸ்டெல்லா அந்த வார்டு நர்ஸ். வீடு சென்னீர்குப்பத்தில். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் லூர்துவையும் இழுத்துக்கொண்டு ரெஜினா அங்கே போய் யோசனை கேட்டு வந்தாள். திரும்பி வந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"டிப்ளமோன்னா சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம்பா. டிகிரி நாலு வருஷம். பி.எஸ்ஸி. நர்சிங். மேல எம்.எஸ்ஸி. பண்ணலாம், காலேஜ்ல பாடம் எடுக்கலாம். நான் டிகிரிக்குத்தான் போடப்போறேன்."

"கணக்கு எடுத்துப் படிச்சாக்கூட பாடம் எடுக்கலாமே."

"கணக்கு தண்ணி கேக்காதுப்பா."

லூர்து அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

என் மறுப்புக்குக் காரணம் என்ன? அன்று நூறு காரணம் வைத்திருந்தேன். ராத்திரி டூட்டி, அந்நிய ஆண்களின் உடம்பைத் தொட வேண்டிய வேலை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள். திண்டுக்கல்லில் என் அக்கா ஏற்கெனவே முகத்தைச் சுளித்திருந்தாள். இப்போது யோசித்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது பக்கத்தில் வருபவரிடம், "பொண்ணு லெக்சரர்" என்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் ஆகாததை அவள் ஆகவேண்டும்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு லூர்து எதற்கும் என்னை எதிர்த்ததில்லை. இதற்கு மட்டும் மகள் பக்கம் நின்றாள். அதனால், "பார்க்கலாம்" என்றேன். என்னைப் போன்ற படித்த ஆண்கள் மறுப்பதற்கு வைத்திருக்கும் சொல் அது.

திருகு

அவள் தேர்ந்தெடுத்த வெளியூர்க் கல்லூரியில் நுழைவுத் தேர்வும், நேர்காணலும், அன்றே உடல் பரிசோதனையும் இருந்தன. எடை நாற்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. நோயாளியைத் தூக்கிப் புரட்டவேண்டிய வேலை அல்லவா.

ரெஜினா காற்றில் பறக்கிற மாதிரி இருப்பாள். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, மருந்தகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "மெஷினைப் பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லி உள்ளே போனேன். திருகைப் பின்னால் திருப்பினேன். காலி மெஷினில் முள் பூஜ்யத்துக்குக் கீழே, இரண்டு கோடு தள்ளி நின்றது. யாரும் பார்க்கும்படிதான் நின்றது. ஆனால் எடை பார்க்க வருகிறவர் தன் எடையைத்தான் பார்ப்பார். காலி மெஷினை யார் பார்க்கிறார்கள்?

நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. முள் சொல்லட்டும். நான்கு கிலோ என்றால் அவளே சோர்ந்துபோய் விட்டுவிடுவாள். என் திட்டம் அவ்வளவுதான். என் சர்வீஸில் ஒரு கருவியையும் நான் தெரிந்து கெடுத்ததில்லை. முதன்முதலில் கெடுத்தது என் மகளை நிறுக்கிற கருவியை.

ஊரே ஊட்டியது

லூர்து சோர்ந்துபோகிறவள் அல்ல என்பதை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமையே வீடு சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் உளுந்தங்களி, நல்லெண்ணெய் குளம் கட்டி நிற்கும். பத்து மணிக்கு நேந்திரம்பழம். மாலையில் வேர்க்கடலை உருண்டை. எதிர்வீட்டுத் தூத்துக்குடிக்காரர் வீட்டிலிருந்து மீன் குழம்பு, மாடியிலிருந்து நெய்ச்சோறு. குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணுக்கு எடை போதவில்லை என்றால் அது எல்லா வீட்டுக்கும் உரிய பிரச்சினை.

பால்காரர் கன்னியப்பன் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். வாயில் பீடி, ஹாண்டிலில் இரண்டு பால் கேன்.

"இன்னா சாரே, பாப்பாவுக்கு பசும்பாலு ஊத்திக்கினு கீறியே. அது தண்ணி. எர்மப் பாலு ஊத்து. ரெண்டே மாசம், எங்க ஊட்டுக் கன்னுக்குட்டி கணக்கா ஆயிடும்."

"கன்னுக்குட்டி கணக்கா ஆனா சீட்டு குடுப்பானா அண்ணே?" என்று உள்ளிருந்து கேட்டாள் ரெஜினா.

"நீ முட்டிக்கினு உள்ள பூந்துடு பாப்பா. எவன் கேக்கப் போறான்?"

மாலையில் நான் அவளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தேன். இது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. நெம்புகோல், அழுத்தம், திரவங்களின் ஓட்டம் என்று ஒன்றுவிடாமல் நடத்தினேன். ஐ.வி. பாட்டிலை ஏன் உயரத்தில் மாட்டுகிறார்கள் என்று கேட்டாள். சொம்பையும் ரப்பர் குழாயையும் வைத்துச் செய்து காட்டினேன், தரையெல்லாம் தண்ணீர். லூர்து திட்டிக்கொண்டே துடைத்தாள். அந்த ஒரு மணி நேரம் நான் அவள் தேறவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு வந்தால் மருந்தகத்தில் முள்ளைப் பார்த்து நிம்மதி அடைவேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

கன்னியப்பனின் சுகர்

கன்னியப்பன் கோயிலுக்கு வருகிறவர் அல்ல. எடை பார்க்க மட்டும் வருவார். அவரை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"சிஸ்டர், போன மாசம் அறுவது இர்ந்தேன். இப்ப அம்பத்தெட்டு காட்டுது. எதிரூட்டுக்காரன் இப்டித்தான் கரைஞ்சிக்கினே போயி, பாத்தா சுகருன்ட்டாங்கோ."

சிஸ்டர் பிலோமினா அவர் சிறுநீரை நீலத் திரவத்தில் விட்டு விளக்கில் காட்டினார். நீலம் நீலமாகவே இருந்தது. "சுகரும் இல்ல உப்பும் இல்ல. போய்ட்டு வாங்க" என்றார். கன்னியப்பனுக்கு மனம் ஆறவில்லை. பீடியை விட்டார். டீக்கடையில் சர்க்கரை போடாதே என்றார். முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று.

ஒரு காலை, பாலை ஊற்றிவிட்டு நின்றார். "சாரே, நீதான் மெஷினு பாக்கறவன். அது கரீக்டா கீதா? நீ சொன்னா நம்பறேன்."

"கரெக்டாத்தான் இருக்கு."

வாசலில் நின்றிருந்த ரெஜினா பால் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. முள்ளைத் திருப்பியதை என் மகளின் நன்மைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு அப்படி ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அப்போதும் போய்ச் சரிசெய்யவில்லை. சரிசெய்தால் ரெஜினா ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறிவிடுவாளே.

சில நாள் கழித்து ஓர் அதிசயம். கன்னியப்பன் மறுபடி பீடியோடு வந்தார். கேனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"படா ஆளு நைனா நீ. படா ஆளு!"

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே போய்ச் சொல்வாரோ என்று அந்த மாதம் முழுக்கப் பால் நேரத்தில் குளியலறைக்குள் புகுந்துகொண்டேன்.

நாற்பது

தேர்வுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு முள் நாற்பதைத் தொட்டது. மருந்தகத்தில் கைதட்டினார்கள். சிஸ்டர் பிலோமினா ரெஜினாவின் நெற்றியில் சிலுவை போட்டார். நானும் கைதட்டினேன். தட்டாமல் இருக்க முடியுமா?

அடுத்த நாளே அவளுக்கு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டது. உண்டதெல்லாம் வெளியே. கஞ்சித் தண்ணீரும் மாதுளம் ஓடு கஷாயமுமாக இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. லூர்து ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வருஷம் வேணாம்னா விட்டுடலாம்மா" என்றேன்.

"தவழ்ந்துக்கிட்டாவது போவேன்பா" என்றாள்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்துத் தேர்வு முடிந்து, பெண்கள் வரிசையாக எடை மெஷின் முன் நின்றார்கள். கூட வந்தவர்கள் கம்பிக் கதவுக்கு வெளியே. மெஷினின் முகம் எனக்குத் தெரிந்தது. காலியாக இருந்தபோது முள் பூஜ்யத்தில் நின்றது. கண் தானாகப் பார்த்துக்கொண்டது.

அவளுக்கு முன்னால் ஒரு பெண் ஏறி இறங்கி, அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவள் அப்பா அவள் தலையைத் தடவினார். என் நெஞ்சு அடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்துத்தான் நான் என்ன விரும்புகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ரெஜினா ஏறினாள். குனிந்து பார்த்தாள். நாற்பதைத் தாண்டி, அரைக் கோடு.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்தவர், "பாஸா சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். நம் மெஷின் யோக்கியமாக இருந்திருந்தால், அது நாற்பது காட்டிய நாளோடு களியும் எருமைப் பாலும் நின்றிருக்கும். வயிற்றுப்போக்கில் ஒன்றரை கிலோ போய் முப்பத்தெட்டரைக்கு வந்திருப்பாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அழுதுகொண்டு வந்திருப்பாள்.

கொரட்டூர் ஏரி

சென்ட்ரலில் இறங்கி ஆவடிக்கு மின்சார ரயில் பிடித்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு வந்தாள். கொரட்டூர் ஏரி வந்தது. தண்ணீர் மேல் சாயங்கால வெயில்.

"தேங்க்ஸ்பா."

"பௌதிகத்துக்கா?"

"ரெண்டு கிலோவுக்கு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மொத நாளே பாத்தேன். வெறும் மெஷின்லயே முள்ளு கீழ நின்னுச்சு. நீங்க பாத்துக்கற மெஷின் தப்பா நிக்குமா? அப்புறம் புரிஞ்சுது. பட்டறைக் கேஜ்! வீட்ல கறாரா வெச்சா அங்க தோக்க மாட்டேன்னுதானே? நாப்பதுன்னு தெரிஞ்சா நான் நாப்பதோட நிறுத்திடுவேன்னு உங்களுக்குத் தெரியும்." தோலை ஊதினாள். "அம்மாகிட்ட சொல்லல. கன்னியப்பன் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். பாவம், சாகற மாதிரி ஆயிட்டாரு."

என் தோள்மேல் சாய்ந்துகொண்டாள். அந்த நொடி சொல்லியிருக்கலாம்.

"ம்" என்றேன்.

மறுநாள் போய்த் திருகைச் சரிசெய்தேன்.

அந்த 'ம்'

ரெஜினா படித்தாள், மேலே படித்தாள், நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தினாள். என் ஆசைப்படி லெக்சரரே ஆனாள். தண்ணீர் குடிக்காத நோயாளியிடம் ஏன் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தாள். வருடா வருடம் புதிய மாணவிகளுக்கு அவள் சொல்லும் முதல் கதை, அப்பாவின் இரண்டு கிலோ. ஒரு கல்லூரி விழாவில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து அதையே சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். லூர்து கடைசிவரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுத்தான் போனாள்.

இந்த அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் ரெஜினாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். அவளும் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறாள். நான் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் போகக் கூடாதுன்னுதான் நெனச்சீங்களா?"

"ஆமா."

"பௌதிகம் மட்டும் ஏன் ஒழுங்கா சொல்லிக் குடுத்தீங்க?"

"தப்பா சொல்லிக் குடுக்கத் தெரியலம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசங்ககிட்ட கதைய மாத்திச் சொல்லணுமே இனிமே" என்றாள்.

"மாத்திச் சொல்லு."

"கன்னியப்பன் அண்ணன் இருந்திருந்தா உங்கள உதைச்சிருப்பாரு."

"ஆமா. படா உதை."

நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. எத்தனை கிலோ என்று சொல்லத் தெரியவில்லை.

சில மாதங்களாக என் உடம்பு இளைத்து வருகிறது. டாக்டர் வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார். அன்று ஞாயிறு. கட்டிலுக்கு அடியிலிருந்து மெஷினை இழுத்துப் போட்டாள். முள் வைத்த பழைய மாதிரிதான். குனிந்து காலி மெஷினைப் பார்த்தாள். திருகை லேசாகத் தொட்டாள். பிறகு என் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"நீங்களும் பாத்துக்கோங்க. பூஜ்யத்துல நிக்குதா?"

குனிந்து பார்த்தேன். நின்றது.

"நிக்குது" என்றேன்.

"ஏறுங்க" என்று கையை நீட்டினாள்.